பொருள்: அடுப்படிக் குழாய்க்கு வாசர் மாற்றியது தொடர்பாக

ஐயா,

அடுப்படிக் குழாய் சொட்டினால் வாசரை மாற்றினால் போதும். புதுக் குழாய் வாங்க வேண்டியதில்லை, ஆள் கூப்பிட வேண்டியதில்லை. காதுத் தோடு அளவில் ஒரு கறுப்பு ரப்பர், ஒரு ஸ்பேனர், பத்து நிமிடம். யாராலும் முடியும். எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. அதில் ஒரு சின்ன வேலை விட்டுப்போனது. அதைச் செய்து முடிக்க ஐந்தரை மாதம் எடுத்துக்கொண்டேன்.

"ஏணி எங்க இருந்துச்சுன்னு மட்டும் எழுதிக் குடுங்க, அரைப் பக்கம் போதும்" என்று நேற்று ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னீர்கள். அரைப் பக்கத்தின் அருமை எனக்குத் தெரியும். அழகேசன் ஆகிய நான் குன்னம் தாலுகா ஆபீஸ் எதிரில் பத்தொன்பது வருடமாக மனு எழுதுகிறவன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, காணாமல் போன ரேஷன் கார்டு. என் மனுவைப் படித்து ஒரு தாசில்தார் கண் கலங்கியிருக்கிறார். கையெழுத்து புரியாமல் கலங்கியிருப்பார் என்பாள் என் மனைவி பாக்யலட்சுமி என்கிற பாக்கியம். வருகிறவர்கள் கதையை ஆதியிலிருந்து தொடங்கினால், "கேட்டதை மட்டும் சொல்லும்மா" என்று நானே அடக்குவேன். ஆனால் அந்த ஏணி எங்கே இருந்தது என்பதைக் குழாயிலிருந்து தொடங்காமல் சொல்ல வழியில்லை. மன்னிக்கவும்.

எங்கள் வீடு அப்பா கட்டிய தார்சு வீடு. மாடிப்படி கட்டுவதற்குள் அவர் போய்விட்டார். அதனால் மாடிக்குப் போக ஏணிதான். மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, கொல்லையில் ஒரு போர், ஒரு மோட்டார். எனக்கு ஒரே தம்பி, திருமுருகன். அரியலூரில் சிமெண்டு லாரிகளுக்கு மெக்கானிக். எங்கள் பக்கத்தில் பாகம் பிரிக்கும்போது மூத்தவன் பிரிப்பான், இளையவன் முதலில் எடுப்பான். நியாயமான வழக்கம். பிரிக்கிறவன் ஏமாற்ற முடியாது. ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் பாகப்பிரிவினையை நான்தான் எழுதினேன். எழுதுகிற வேகத்தில் யாருக்கு எது என்பதையும் சேர்த்தே எழுதிவிட்டேன். அடுப்படி இருந்த மேற்குப் பாதி எனக்கு. திருமுருகன் அதை இரண்டு முறை படித்தான். "எழுதத் தெரிஞ்சவன் எழுதிக்கிட்டான்" என்றான். கையெழுத்துப் போட்டான். கூடத்துக்கு நடுவே சுவர் வந்தது. கிழக்குப் பாதியின் தாழ்வாரத்தை அடைத்து அவன் மனைவி ஜெயசித்ரா ஒரு அடுப்படி செய்துகொண்டாள். கொல்லையும் போரும் தொட்டியும் மட்டும் பொது. ஏணி என் பங்கு.

அந்தக் கையெழுத்துக்குப் பிறகு ஆறு வருடம் அவன் என்னிடம் பேசவில்லை. மோட்டார் போட வேண்டுமென்றால் கொல்லையில் வந்து காற்றைப் பார்த்துச் சொல்வான்: "தொட்டில தண்ணி இல்ல." நானும் காற்றுக்குப் பதில் சொல்வேன். காற்று எங்கள் வீட்டில் நிறைய வேலை செய்திருக்கிறது.

மாசி மாதம் எங்கள் அடுப்படிக் குழாய் சொட்டத் தொடங்கியது. எங்கள் ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். வைத்த சொம்பில் காலையில் வெள்ளை படிந்திருக்கும். குழாய், பைப்பு, வால்வு எல்லாவற்றையும் அரிக்கும், அடைக்கும். இங்கே பைப்பு அடைத்துக்கொள்வது சளி பிடிப்பது போல. ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"அரியமுத்தக் கூப்பிடுங்க" என்றாள் பாக்கியம். அரியமுத்து எங்கள் ஊர் பிளம்பர்.

"ஒரு வாசருக்கு ஒரு ஆளா? நானே மாத்துறேன்."

"நீங்க மாத்துனா அப்புறம் ரெண்டு ஆள் வேணும்."

இந்தப் பேச்சுக்காகத்தான் மேலே ஏறினேன். தொட்டிக்கு அடியில் இரண்டு வால்வு, பக்கத்தில் பக்கத்தில். ஒன்று என் பாதிக்கு, ஒன்று தம்பி பாதிக்கு. இரண்டுக்கும் கைப்பிடி உப்பில் அரித்து உதிர்ந்துவிட்டது. தண்டு மட்டும் நிற்கும், ஸ்பேனர் போட்டுத்தான் திருப்ப வேண்டும். திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பார்வைக்கு ஒரே மாதிரி. எது யாருடையது என்று எங்கும் எழுதவில்லை. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுப்பவன் வீட்டில் அப்படித்தான் இருக்கும். ஒன்றை மூடிவிட்டு இறங்கினேன். குழாயைக் கழற்றியதும் தண்ணீர் முகத்தில் அடித்தது. பாக்கியம் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். மறுபடி ஏறி அடுத்ததையும் மூடினேன். வாசரை மாற்றினேன். திருகு ஏறவில்லை, கழற்றினேன், மாட்டினேன். கடைசியில் மேலே போய் வால்வைத் திறந்துகொண்டிருந்தபோது கீழிருந்து குரல் வந்தது.

"ஏங்க, மேலயே குடித்தனம் போயிட்டீங்களா? சோறு அனுப்பவா?"

என் வால்வைத் திறந்தேன். இறங்கி, குழாய் சொட்டவில்லை என்பதைக் காட்டினேன். பாக்கியம் ஐந்து நிமிடம் நின்று பார்த்தாள். "பரவால்ல" என்றாள். இருபத்தாறு வருடத்தில் இப்படிச் சொன்னது இரண்டாவது தடவை. அந்தச் சந்தோஷத்தில் முதலில் மூடிய வால்வை மறந்தேன். இது சத்தியமாக மறதி. இந்த வாக்குமூலத்தில் மறதி என்று நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஜெயசித்ரா குழாயைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் அங்கன்வாடியில் ஆயா வேலை பார்க்கிறாள், ஒன்பது மணிக்குள் கிளம்ப வேண்டும். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு நிறுத்தினாள். கொல்லையில் பாக்கியம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடமாக அவர்கள் இருவரும் ஒருவர் துவைத்து முடித்த பிறகுதான் இன்னொருவர் வருவது.

"தண்ணி வரலியா?" என்றாள் பாக்கியம்.

ஜெயசித்ரா கொல்லைப் படிக்கு வந்தாள். "வரலக்கா. உப்பு அடைச்சிருச்சு போல."

"கொடத்த எடுத்துட்டு வா. எங்க அடுப்படிக் கொழாயில புடிச்சுக்க."

நான் கூடத்தில் சவரம் செய்துகொண்டிருந்தேன். பிளாஸ்டிக் குடம் வாசலில் இடிபடுகிற சத்தம் கேட்டது. தம்பி பெண்டாட்டி ஆறு வருடத்துக்குப் பிறகு என் அடுப்படிக்குள் வந்தாள். அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகத்தில் சோப்பு நுரையோடு எழுந்தேன். உள்ளே ஒரு குடம் நிறைகிற நேரத்துக்கும் அதிகமாக இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பாக்கியத்தின் முழங்கால் வலி, ஜெயசித்ராவின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், இத்தனை நாள் சேர்த்துவைத்த எல்லாம். உட்கார்ந்து மீதிக் கன்னத்தைச் சவரம் செய்தேன்.

மாலையில் திறப்பதற்காகத்தான் ஏறினேன். ஸ்பேனரை வால்வில் மாட்டியும்விட்டேன். கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜெயசித்ரா இரவுச் சமையலுக்குத் தண்ணீர் பிடிக்க வந்திருந்தாள். பாக்கியம் நான் வாசர் மாற்றிய கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தில் தண்ணீர் அடித்த இடத்தில் இருவரும் சிரித்தார்கள். என்னைப் பற்றிச் சிரிக்கிறார்கள் என்பதில் எனக்கு வருத்தமில்லை, அது என் தொழில் மாதிரி. அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டில் கேட்டு ஆறு வருடமாகிறது. நாளைக்குத் திறந்துகொள்ளலாம் என்று ஸ்பேனரைக் கழற்றிக்கொண்டு இறங்கினேன்.

நாளை என்பது வசதியான சொல். தாலுகா ஆபீஸில் அதை வைத்தே பலர் ஓய்வு பெற்றிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் அரியமுத்து வந்தான். குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தான். "மேல வால்வப் பாத்தீங்களா?" என்றான். கனத்த உடம்பு, ஏணியைப் பார்த்தாலே மூச்சு வாங்குவான்.

"பாத்துட்டேன். தெறந்துதான் இருக்கு" என்றேன்.

அவனுக்கு நிம்மதி. "அப்ப உப்புதான். செவுத்துக்குள்ள கட்டிப்போயிருக்கும். பைப்ப வெளிய எடுக்கணும்னா தாழ்வாரச் செவுரு பூரா ஒடைக்கணும்."

சுவரை உடைப்பது அறுவடை முடிந்து பார்க்கலாம் என்று போனது. அப்புறம் வெயில் முடிந்து, அப்புறம் ஆடி முடிந்து. நான் சொன்னதை யாரும் மேலே ஏறிச் சரிபார்க்கவில்லை. திருமுருகனிடம் ஜெயசித்ரா கேட்டாளாம். அவன், "அண்ணன் பாத்தேன்னு சொன்னா பாத்ததுதான்" என்றானாம். என்னோடு பேசாதவன் இதைச் சொன்னான். பாக்கியம் இதை என்னிடம் சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடம், சில நாள் பதினாலு. என் அடுப்படியிலிருந்து கொல்லைக்கு மூன்று படி இறங்க வேண்டும், துவைக்கிற கல்லைச் சுற்ற வேண்டும், அவள் தாழ்வாரத்துக்கு இரண்டு படி ஏற வேண்டும். காலையில் வேலைக்குப் போகுமுன் ஏழு, வந்த பிறகு மீதி. சித்திரையில் அவள் வலது மணிக்கட்டு வீங்கியது. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இடுப்பை மாற்றி இடது பக்கம் தூக்கினாள். நான் மெடிக்கலில் வலிக்குத் தேய்க்கிற களிம்பு வாங்கிவந்து பாக்கியத்திடம் கொடுத்தனுப்பினேன். தீர்ந்ததும் இன்னொன்று வாங்கினேன். களிம்பு விஷயத்தில் நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

"ஒரு ஓஸ் பைப்பு வாங்கிப் போட்டா அந்தப் புள்ள தூக்க வேண்டாம்ல?" என்றாள் பாக்கியம். நியாயமான யோசனை. பெரம்பலூர் போய் வாங்கிவந்தேன். குழாயிலிருந்து நீட்டினால் அவள் தாழ்வாரத்துக்கு இரண்டு முழம் எட்டவில்லை. "அளந்து வாங்க மாட்டீங்களா?" என்று பாக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள். ஊரே சிரித்தது. அளந்துதான் வாங்கினேன், ஐயா.

நான் கெட்டவனாக இருந்து இதையெல்லாம் செய்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எங்கள் பக்கம் மூத்தார் எதிரே தம்பி பெண்டாட்டி உட்கார மாட்டாள், நேரே முகம் பார்த்துப் பேசவும் மாட்டாள். ஜெயசித்ரா நான் வந்தால் குடத்தோடு ஓரமாக ஒதுங்கி நிற்பாள். அப்படிப்பட்டவள் வைகாசியில் ஒரு நாள், "மாமா, நீங்க இல்லன்னா நாங்க என்ன பண்ணியிருப்போமோ" என்றாள். வார்த்தைக்கு ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறவன் நான். அன்றைக்கு இருமினேன்.

அதே மாதம் திருமுருகனும் வந்தான். வேலை முடிந்து உடம்பெல்லாம் கிரீஸும் சிமெண்டுமாக, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கொல்லையில் எங்கள் அடுப்படி வாசலில் வாளியோடு நின்றான். "அண்ணி, குளிச்சுக்கட்டுமா?" என்று பாக்கியத்திடம் கேட்டான். நான் மாட்டுக்குத் தட்டை போட்டுக்கொண்டிருந்தேன். குளித்து முடித்துத் தலை துவட்டியவன், என்னைப் பார்த்து, காற்றைப் பார்த்து அல்ல, "மோட்டார் போடட்டுமாண்ணே?" என்றான்.

"போடு. நீ குளிச்ச குளியல்ல தொட்டி காலி" என்றேன்.

சிரித்தான். நான் உள்ளே போய் அடுப்படிக் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் மூக்கை உறிஞ்சுவது வெளியே கேட்காது.

இதற்குப் பிறகு நான் எப்படித் திறப்பது, நீங்களே சொல்லுங்கள். அந்த வால்வை வைத்துத்தான் என் தம்பி எனக்குத் திரும்பி வந்தான். ஒரு குடும்பம் ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் தண்ணீர் குறைந்தால் என்ன என்று நினைத்தேன். தண்ணீர் குறைந்தது என் பாதியில் அல்ல என்பதை அவ்வளவாக நினைக்கவில்லை.

ஆனியில் ஜெயசித்ரா ஒரு வெள்ளைத் தாளோடு வந்தாள். பஞ்சாயத்துக் குடிநீர் பைப்பிலிருந்து அவள் பாதிக்குத் தனி இணைப்பு கேட்டு மனு. "நீங்க எழுதுனா நடக்கும்னு அவங்க சொன்னாங்க மாமா." எழுதினேன். 'மேற்படி முகவரியில் வசிக்கும் நான், குழாயில் தண்ணீரின்றி நாளொன்றுக்குப் பன்னிரண்டு குடம் இடுப்பில் சுமந்து, கை வீங்கி, மிகுந்த மனவேதனைக்கு ஆளாகியுள்ளேன்.' படித்துக் காட்டியபோது அவள் அழுதாள். பாக்கியமும் அழுதாள். என் தொழில் வாழ்க்கையில் அதைவிட நல்ல மனு நான் எழுதியதில்லை, விவரம் எல்லாம் கையில் இருந்ததால். அவள் கையெழுத்து வாங்கி, நானே சேர்த்துவிடுகிறேன் என்று பையில் வைத்தேன். அது இன்னும் பையில் இருக்கிறது. இத்துடன் இணைத்துள்ளேன்.

ஆடி மூன்றாம் வாரம், சனிக்கிழமை மாலை, திருமுருகன் என்னோடு டீக்கடையில் நின்றபோது சொன்னான். "நாளைக்கு நான் மேல ஏறிப் பாக்குறேண்ணே. உப்பு அடைச்சாலும் கொஞ்சமாச்சும் கசியணும். சொட்டுக்கூட வரல. எங்கயோ இடிக்குது."

"நான் பாத்துட்டேன்டா."

"நீ எழுதுறவன், பாத்த. நான் ஸ்பேனர் புடிக்கிறவன், பாக்குறேன்."

அன்று இருட்டுமுன் ஏணியை எடுத்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மக்காச்சோளத் தட்டைப் போருக்கு அடியில் செருகினேன். நீங்கள் கேட்ட ஏணி அங்கேதான் இருந்தது. பக்கத்து வீட்டுத் தங்கராசு வெள்ளையடிக்க வாங்கிப் போயிருக்கிறான் என்று வீட்டில் சொன்னேன். ஏணிப் படிகளில் தட்டைத் தூசி எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டீர்களே, கேட்டதும் நான் மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தேனே, அதற்குக் காரணம் இதுதான்.

என் திட்டம் எளியது. ஞாயிறு அதிகாலையில் நானே ஏறித் திறந்துவிடுவது. உப்பு தானாகவே விட்டுக்கொண்டது என்று சொல்வது. ஆனால் அதிகாலையிலேயே ஜெயசித்ரா வந்துவிட்டாள். அன்று இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நாட்டுக்கோழி, எங்கள் அடுப்படியில். ஆறு வருடத்தில் முதல் முறை ஒரே உலை. மசாலா அரைக்கிற வாசத்தில் நான் நினைத்தேன்: எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடட்டும். சாப்பிட்ட பிறகு திறக்கலாம்.

பதினொரு மணி இருக்கும். திருமுருகன் ஏணிக்காகக் காத்திருக்கவில்லை. இடுப்பில் ஸ்பேனரைச் செருகிக்கொண்டு, கொல்லைப் பக்கத்து ஜன்னல் கம்பியில் கால் வைத்து, சன்ஷேடைப் பிடித்து ஏறினான். சின்ன வயதில் இருவரும் அப்படித்தான் ஏறுவோம். நான் கொட்டகையிலிருந்து பார்த்தேன். கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை. சன்ஷேடின் ஓரம் உடைந்து கையோடு வந்தது. துவைக்கிற கல்லில் முதுகு பட விழுந்தான்.

உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை. நான் ஓடினேன். கண் திறந்திருந்தது, மல்லாந்து கிடந்தான்.

"அண்ணே" என்றான். "காலு எங்க இருக்குன்னு தெரியலண்ணே."

"அசையாத. இரு, வந்துர்றேன்" என்றேன்.

ஐயா, அந்த நேரத்தில் என் சட்டைப் பையில் போன் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இவ்வளவு எழுதியதில் அர்த்தமில்லை. நான் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தட்டையைத் தள்ளி ஏணியை இழுத்தேன். சுவரில் சாத்தினேன். ஸ்பேனர் அவன் கைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தது, அதை எடுத்துக்கொண்டேன். மேலே ஏறி வால்வைத் திறந்தேன். ஏழு சுற்று. ஐந்தரை மாதம் திருப்பாததால் முதல் சுற்று இறுகியிருந்தது. பிறகு பைப்பில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. இறங்கினேன். ஏணியைச் சாய்த்து அவன் பக்கத்தில் கிடத்தினேன், ஏணியிலிருந்து விழுந்தவன் மாதிரி. ஸ்பேனரை அவன் கைக்கு அருகில் வைத்தேன். அதற்குப் பிறகு கத்தினேன். நன்றாகவே கத்தினேன். பிறகு 108-க்குப் போன் செய்தேன்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். பன்னிரண்டு என்றும் சொல்லலாம். ஒரு வாசர் மாற்றுகிற நேரம். திருச்சி ஆஸ்பத்திரி டாக்டரிடம், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கால் வந்திருக்குமா என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். "சொல்ல முடியாதுங்க" என்றார். சொல்ல முடியாது என்றால் இல்லை என்றும் இருக்கலாம் அல்லவா. நான் அப்படி எடுத்துக்கொண்டேன்.

மேலே ஏழு சுற்று சுற்றிய நேரத்தில் நான் ஒரு முறை கீழே பார்த்தேன். மல்லாந்து கிடப்பவனுக்கு வானமும் மாடியும்தான் தெரியும். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் கையைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். கூப்பிடவில்லை.

ஆம்புலன்சில் ஏற்றும்போது ஜெயசித்ரா உள்ளிருந்து அவனுக்கு மாற்றுச் சட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "கொழாயில தண்ணி கொட்டுதுங்க" என்றாள், அழுதுகொண்டே, எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல்.

"நான்தான் தெறந்தேன்" என்றான் திருமுருகன். "தெறந்துட்டு எறங்கையில ஏணி வழுக்கிருச்சு."

அதைச் சொன்னபோது என்னைப் பார்த்தான். உங்களிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறான் என்று நேற்று காட்டினீர்கள். இரண்டு வாக்குமூலமும் ஒத்துப்போனால் கோப்பை மூடிவிடலாம் என்றீர்கள். ஊரில் இப்போது, பெண்டாட்டிக்காக மேலே ஏறித் தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டு விழுந்தவன் என்று அவனைப் பேசுகிறார்கள். உதவிக்கு ஓடிவந்த அண்ணன் என்று என்னையும் இரண்டு பேர் பேசினார்கள். நான் மறுக்கவில்லை. உண்மையில் நான் ஓடத்தான் செய்தேன்.

அவன் எழுதித் தந்த பொய்யில் நான் கையெழுத்து மட்டும் போட்டிருந்தால் போதும். ஆனால் எழுதத் தெரிந்தவன் எழுதிக்கொண்டான் என்று ஒரு முறை சொன்னவன் அவன். இரண்டாவது முறையும் அவன் சொத்தை என் பேருக்கு எழுதிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

மனு என்றால் கடைசியில் ஏதாவது கேட்க வேண்டும், இல்லையென்றால் அது மனு ஆகாது என்று வருகிறவர்களிடம் சொல்வேன். எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. தகவலுக்காகச் சில விஷயங்கள் மட்டும். நான் வார்டுக்குள் போனால் திருமுருகன் கண்ணை மூடிக்கொள்கிறான். மாத்திரை மயக்கம். ஜெயசித்ரா முன்பெல்லாம் என்னைப் பார்த்ததும் எழுந்து ஒதுங்குவாள், இப்போது எழுவதில்லை, முதுகைத் திருப்பி உட்கார்ந்தபடியே இருக்கிறாள். இருபத்திரண்டு நாள் தூக்கம் கெட்ட உடம்பு. எங்கள் அடுப்படிக் குழாய் போன வாரத்திலிருந்து மறுபடி சொட்டுகிறது. நான் தொடவில்லை.

துணி எடுக்கவும் குளிக்கவும் ஜெயசித்ரா வாரத்துக்கு இரண்டு நாள் ஊருக்கு வந்து போகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குழாய் ஓடுவது நன்றாகக் கேட்கிறது. பாக்கியம் காபி போட்டு வைத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்துவைக்கிறாள், காபி ஆறிப்போகிறது. ஜெயசித்ரா எங்கள் வீட்டுப் பக்கம் இப்போது வருவதே இல்லை. தண்ணீர் வந்துவிட்டதால்தான் வரவில்லை என்று நினைக்கிறேன்.